கழுத்துக்குக் கீழே பார்த்தவர்

வயதில் மூத்த ஒரு மனிசியை 'அவள்' என்று சொல்ல எங்கள் வீட்டில் விடமாட்டார்கள். அதனால் இதில் முழுக்க 'அவர்' என்றே எழுதுகிறேன். அதற்கு மேல் என்னிடம் மரியாதை எதிர்பார்க்க வேண்டாம். பெயரையும் எழுதப் போவதில்லை. அந்த நாளில் நாங்கள் அவரை மதாம் என்று கூப்பிட்டோம். இப்போதும் அது போதும்.

போன மாதம் ஒரு கலியாண வீட்டில் என் பக்கத்தில் இருந்த ஒருவர் பாரிசில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான லாச்சப்பலின் பழைய நாட்களைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். கதை மதாமிடம் வந்தது. "அகதியா வந்திறங்கின எங்கடை பொம்பிளைப் பிள்ளையளுக்கு அவ ஒரு தாய் மாதிரி" என்றார். நான் சாப்பாட்டைத் தள்ளி வைத்தேன். அந்தத் தாயிடம் மூன்று வருடம் வேலை செய்தவள் நான்.

வேலை கொடுத்தார், அது உண்மை. வதிவிடக் கார்ட் இருக்கிறதா, அது வரும்வரை தருகிற றெசிப்பிசே துண்டாவது இருக்கிறதா என்று கேட்கவில்லை. செய்த வேலைக்குக் காசை ஒளிக்கவும் இல்லை. எண்பதுகளின் நடுவில் அது பெரிய விசயம். என் கணவர் ஒரு ரெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். நானும் ஏதாவது செய்யாவிட்டால் அறை வாடகை கட்ட முடியாது. யாரோ சொல்லி, மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் நாலாம் மாடிக்கு ஏறிப்போய்க் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தார். பிறகு மார்பு, இடுப்பு, கால். சந்தையில் ஆட்டைப் பார்ப்பவர்கள்கூடப் பல்லைப் பார்ப்பதற்காகவாவது முகத்துக்கு வருவார்கள். மதாமின் பார்வை கழுத்துக்கு மேலே ஏறவே இல்லை.

"எடது தோளு எறங்கி இருக்கு. குடம் தூக்கினியா?" என்றார்.

நான் இடது தோளை உயர்த்திப் பிடித்தேன்.

"பரவால்ல. மெசின்ல குந்தினா தெரியாது. உள்ள வா."

அவர் பாண்டிச்சேரிக்காரர். தகப்பன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவராம். எங்களில் ஒருவருக்கும் பாரிஸ் என்ற ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்று தெரியாத காலத்திலேயே, சின்ன வயதில், இங்கே வந்துவிட்டார். அவர் கதைக்கும் தமிழ் எங்களுக்குப் பாதி விளங்காது, எங்கள் தமிழ் அவருக்குப் பாதி பிடிக்காது. "என்னாது, கதைக்கிறதா? பேசுறதுன்னு சொல்லு" என்பார். வேலைக்கு வந்த எங்கள் பெயர்களை அவர் கடைசிவரை பாடமாக்கவில்லை. நான் 'சாஞ்ச தோளு'. மன்னாரில் இருந்து வந்த ஒரு அக்கா 'கட்டைக் கழுத்து'. பெரிய இடுப்புக்காரி ஒருத்தி இருந்தாள், அவளை எப்படிக் கூப்பிட்டார் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவள் அதைக் கேட்டுக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல், சட்டைகளுக்குக் கொலர் வைப்பாள்.

தைக்கும் அறையில் மூன்று மெசின். மொத்தக் கடைக்காரர்களுக்கு பிளவுஸ், பாவாடை, உள்துணி என்று எது வந்தாலும் தைப்போம். மெசின்களுக்கு எதிரே, சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு படம் மாட்டியிருந்தது. எங்கள் வீடுகளில் இருதய ஆண்டவரோ பிள்ளையாரோ இருக்கிற உயரம். முதல்நாள் நான் ஏதோ சாமிப்படம் என்று நினைத்துத்தான் பார்த்தேன்.

ஒரு கவுனின் படம் அது. மஞ்சளாகிப்போன தடித்த தாளில் பென்சிலால் கீறி, மேலே கொஞ்சம் சாம்பல் நிறத் தண்ணிச் சாயம் பூசியிருந்தது. வலது தோளில் இருந்து ஒரே கோடு, கையை எடுக்காமல் இழுத்ததுபோல, மார்பைத் தாண்டி இடுப்புக்கு வந்து, இடுப்பில் நூல் மாதிரி ஒடுங்கி, பிறகு தரைவரை கொட்டியது. இடது தோள் வெறுமையாக இருந்தது. கையும் இல்லை, பட்டியும் இல்லை. தாளின் மூலையில் தந்த நிறச் சாட்டின் துணியில் ஒரு சின்னத் துண்டு, துருப்பிடித்த குண்டூசியால் குத்தியிருந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு முட்டை வடிவம் மட்டும். கண் இல்லை, மூக்கு இல்லை.

அதைக் கீறியவர் அந்தக் காலத்தில் பிரான்சையே ஆட்டிவைத்த ஓர் உடைக்காரராம். இரண்டாம் உலகச் சண்டை முடிந்த கையோடு பணக்காரப் பெண்கள் அவருடைய வாசலில் தவம் கிடந்தார்களாம். மதாம் அவரை மிசே, அதாவது ஐயா, என்று குரலைத் தாழ்த்திச் சொல்லுவார். "மிசே என்னை பார்த்தார். பார்த்த ஒடனே பென்சிலை எடுத்தார். எனக்காக போட்டது இது. சலோன்ல, பணக்காரங்க வந்து ஒக்கார்ற கூடத்துல, நான் இத போட்டுக்கிட்டு நடந்தேன். அம்பாசடர் வீட்டு பொண்ணுங்க எல்லாம் எழுந்து நின்னு கை தட்டினாங்க" என்பார். புதிதாக வரும் ஒவ்வொருத்திக்கும் இந்தக் கதை உண்டு.

அவருடைய வேதவாக்கு ஒன்று இருந்தது. "கோட்டுக்குத்தான் ஒடம்பு. ஒடம்புக்கு கோடு கிடையாது." யாராவது வந்து, கொஞ்சம் தளர்த்தித் தையுங்கள் மதாம், மூச்சு முட்டுகிறது என்றால் இதைத்தான் சொல்லுவார். மூச்சை அடக்கப் பழகு என்பார். மெத்ரோவில் முன்பின் தெரியாத பெண்களின் பாவாடைக் கரையை இழுத்து விடுவதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஒரு முறை ஒரு வெள்ளைக்காரி அவருடைய கையைத் தட்டிவிட்டாள். மதாம் கோபப்படவில்லை. அந்தக் கரை ஒழுங்காக இல்லையே என்பதுதான் அவருடைய கவலை.

மன்னார் அக்காவுக்கு ஊரில் இருந்து செய்தி வந்த நாளை நான் மறக்கமாட்டேன். தம்பியை ஆமி பிடித்துக்கொண்டு போய்விட்டதாக அவவுடைய கணவர் படியேறி வந்து சொன்னார். அக்கா மெசினிலேயே கவிழ்ந்துவிட்டா. நாங்கள் எல்லோரும் எழும்பி ஓடினோம். மதாமும் வந்தார். வந்து, அக்காவின் முகத்துக்குக் கீழே கிடந்த சாட்டின் துணியை மெதுவாக உருவி எடுத்தார்.

"தண்ணி பட்டா கறை போவாது. அழுவுறதா இருந்தா அந்தாண்ட போய் அழு."

குரலில் கோபம்கூட இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்லியிருக்கலாம்.

அப்படிப்பட்ட மனிசி ஒரு நாள், "உன் கல்யாண கவுனை நான் தைக்கிறேன். துணியும் என்னுது. ஒரு பிராங்க் வேணாம்" என்றால் எப்படி இருக்கும்? நாங்கள் மெசினை நிறுத்திவிட்டோம்.

அவர் சொன்னது மெற்றில்டாவுக்கு. யாழ்ப்பாணத்துக் குருநகர்ப் பிள்ளை, இருபத்திரண்டு வயதிருக்கும். எங்களோடு வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான். தாய் தகப்பன் ஊரில். இங்கே அன்ரன் என்ற பொடியனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். வெள்ளைக் கவுன் போட்டு, தலையில் மெல்லிய வலைத்துணி நெற் போட்டு, கோயில் வாசலால் நடந்துபோக வேண்டும் என்பது அவளுடைய ஆசை. கவுன் வாங்கவும் வாடகைக்கு எடுக்கவும் வழியில்லை என்பதால் சீலைதான் என்று மனதைத் தேற்றியிருந்தாள். மதாம் சொன்னதைக் கேட்டதும் அவருடைய கையைப் பிடித்துக் கொஞ்சிவிட்டாள். மதாம் அப்போதும் அவளுடைய இடுப்பைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். நீண்ட கழுத்து, ஒடுங்கிய இடுப்பு. சுவரில் இருந்த படத்துக்கு இத்தனை வருடமாக அவர் ஓர் உடம்பைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அளவெடுக்கும்போதுதான் தெரிந்தது. மேல்சட்டையைக் கழற்றச் சொன்னார். மெற்றில்டா தயங்கித் தயங்கிக் கழற்றினாள். இடது தோளில் இருந்து முழங்கைக்கு மேல்வரை தோல் சுருங்கி, முறுகி, சிவப்பும் கறுப்புமாக இருந்தது. வீட்டுக் கூரையில் ஷெல் விழுந்தபோது பட்ட காயம். அந்த இடத்திலேயே அவளுடைய சின்னத் தங்கச்சி செத்துப்போனாள். அதை நான் பிறகுதான் அறிந்தேன்.

"மதாம், இந்தப் பக்கத்துக்கு ஒரு கை வைச்சுத் தைப்பீங்களே? மெல்லிய லேஸ் எண்டாலும் காணும்" என்று மெற்றில்டா கேட்டாள்.

"அந்த கோட்டுல கை கெடையாது."

"அன்ரனுக்குத் தெரியும் மதாம். ஆனா அவரின்ரை அக்காக்குத் தெரியாது. சனமெல்லாம் பாக்கும். எனக்கு... அதை ஆரும் பாக்கிறது விருப்பமில்லை."

"யாரும் காயத்த பாக்க மாட்டாங்க. கோட்டத்தான் பாப்பாங்க. நிமிந்து நில்லு."

அளவு நாடாவை இழுத்துக் கட்டினார். மெற்றில்டாவின் கண்ணில் இருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தவருக்கு அது தெரியவில்லை. தெரிந்திருந்தால் துணியைத் தள்ளி வைத்திருப்பார்.

அந்தக் கிழமைதான் ஒரு வெள்ளைக்காரக் கிழவி படியேறி வந்தா. மதாம் தைத்த உடுப்புகளைக் கொடுக்கப் போயிருந்தார். கிழவி அவரோடு முந்தி ஒரே இடத்தில் வேலை செய்தவவாம். மூச்சு வாங்கியது, கதிரை போட்டுக் கோப்பி கொடுத்தேன். சுவரில் இருந்த படத்தைக் கண்டதும் கிழவி சிரித்தா. "இன்னும் வைத்திருக்கிறாளா?"

எனக்குத் தெரிந்த கொஞ்சப் பிரெஞ்சில், இது மதாமுக்காகவே கீறியதாமே, மதாம் இதைப் போட்டு நடந்தாவாமே என்று கேட்டேன்.

கிழவி கோப்பையைக் கீழே வைத்துவிட்டுத் தலையை ஆட்டினா. நடந்தது வேறொரு பெண், வெள்ளைக்காரி. மதாம் நின்றவர். காலையில் இருந்து மாலைவரை ஒரு மேசையின் மேல் ஏறி நிற்பதுதான் அவருடைய வேலை. அவருடைய உடம்பில்தான் துணியைச் சுற்றிக் குண்டூசி குத்தி, வெட்டி, மடித்துப் பார்ப்பார்கள். துணி கசங்கும் என்று உட்கார விடமாட்டார்கள். ஊசி உடம்பில் ஏறினாலும் அசையக்கூடாது. உடுப்பு முடிந்ததும் கழற்றி மற்றவளுக்குப் போடுவார்கள், அவள் திரையைத் தாண்டிப் பணக்காரர்களுக்கு முன்னால் போவாள். மதாம் ஒரு நாளும் திரையைத் தாண்டியதில்லை. "அவ்வளவு வடிவான உடம்பு. ஆனால் அந்த நிறத்தை அந்தக் காலத்தில் யார் முன்னுக்கு விடுவார்கள்?" என்று கிழவி சொன்னா. படம் குப்பைக்குப் போக இருந்ததாம். மதாம் கேட்டு எடுத்துக்கொண்டாராம்.

கிழவி போன பிறகு நான் அந்தப் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். பாவமாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். இவ்வளவு பட்டவருக்கு இந்தப் பிள்ளையின் வலி கட்டாயம் விளங்கும், யாரும் சரியாக எடுத்துச் சொல்லாததுதான் குறை என்று நினைத்தேன். அடுத்தநாள் மதாம் தனியாக இருந்த நேரம் பார்த்துப் போனேன்.

"மதாம், உங்கடை பழைய சினேகிதி வந்தவ. நீங்கள் எப்பிடிக் கஸ்டப்பட்டு நிண்டனீங்கள் எண்டு சொன்னவ. ஊசி குத்தினாலும் அசையக்கூடாதாம் எண்டு..."

மதாம் துணி வெட்டிக்கொண்டிருந்தார். கத்தரிக்கோல் நின்றது.

"உங்களுக்கு அது தெரியும்தானே மதாம். அந்தப் பிள்ளைக்கு ஒரு கை வைச்சுக் குடுங்கோ. அவள் பாவம்."

கத்தரிக்கோல் திரும்ப ஓடத் தொடங்கியது. துணியின் கடைசிவரை வெட்டி முடித்த பிறகுதான் பதில் வந்தது.

"நான் நின்னேன். அவளும் நிக்கட்டும்."

அதோடு எனக்கிருந்த பாவம் போய்விட்டது. இன்றுவரை திரும்பி வரவில்லை. பட்டவர்கள் எல்லோரும் இப்படி ஆவதில்லை. மன்னார் அக்கா தம்பியைப் பறிகொடுத்தவ. அந்த அறையில் யாருக்குத் தலையிடி என்றாலும் முதலில் கோப்பி போட்டுக்கொண்டு வருபவ அவதான்.

நான் மெற்றில்டாவிடம் சீலை கட்டு என்று சொன்னேன். அவளும் சரி என்று மதாமிடம் போய், கவுன் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். மதாமின் முகம் வெளுத்துவிட்டது. மேசையில் வெட்டிக் கிடந்த சாட்டின் துண்டுகளைப் பார்த்தார், மெற்றில்டாவின் இடுப்பைப் பார்த்தார். பிறகு, "சரி. கை வைக்கிறேன். லேஸ்ல" என்றார். நாங்கள் நம்பினோம். தேவாலயத்துக்குப் போகிற காலையில் கொண்டுவந்து தருகிறேன், அதுவரை யாரும் பார்க்கக்கூடாது என்றார். அதையும் நம்பினோம்.

கலியாணம் ஒரு சனிக்கிழமை. கோயிலில் சுவாமியார் உடுப்பு மாற்றும் அறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையைத் தந்திருந்தார்கள். மதாம் பெரிய பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, முன்வரிசையில் இடம் பிடிக்கப் போய்விட்டார். நாங்கள் திறந்தோம்.

வடிவு என்றால் அப்படி ஒரு வடிவு. அதை மறைக்க நான் விரும்பவில்லை. பென்சில் கோடு எழும்பி நின்றதுபோல இருந்தது. ஆனால் கை இல்லை. இடது பக்கம் படத்தில் இருந்ததுபோலவே வெறுமையாக இருந்தது.

மெற்றில்டா சுவரோடு சாய்ந்து நின்றாள். வெளியே சனம் வந்துவிட்டது, பாடல் தொடங்கிவிட்டது. சீலை வீட்டில். நான் கத்தரிக்கோலை எடுத்தேன். கவுனுக்குப் பின்னால் தரையில் இழுபடுவதற்காக விட்டிருந்த துணியில் ஒரு பெரிய துண்டை வெட்டினேன். மன்னார் அக்கா ஊசியில் நூல் கோத்துக் கோத்துத் தந்தா. தோளில் இருந்து முழங்கைவரை சுற்றி ஓட்டுத் தையல் போட்டோம். பெரிய திறம் என்று சொல்லமுடியாது. ஆனால் மறைத்தது. கண்ணாடியில் பார்த்த மெற்றில்டா, "காணும் அக்கா, காணும்" என்று சிரித்தாள்.

கோயில் வாசலுக்கு வந்தோம். அன்ரன் உள்ளே நின்றான். அவனுடைய தமக்கை, பாரிசுக்கு வெளியே பொபினியில் இருந்து வந்திருந்த அக்கா, மணப்பெண்ணைக் கூட்டிப்போக வாசலில் நின்றா. நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டிருந்தது அவவுக்குத்தான். வாய்க்காரி என்று பெயர் எடுத்தவ. அந்த நேரம் முன்வரிசையில் இருந்து குதிக்கால் சப்பாத்துச் சத்தம் வந்தது. மதாம் எங்களை நோக்கி நடந்து வந்தார். அவருடைய பார்வை அந்தக் கையில் மட்டும் இருந்தது.

"என்னாடி செஞ்சீங்க?"

நான் குறுக்கே வருவதற்குள் எட்டிப் பிடித்து இழுத்தார். ஓட்டுத் தையல்தானே. ஒரே இழுப்பில் முழுதாக வந்துவிட்டது.

பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். வாசல் பக்கம் இருந்த சனம் முழுக்கத் திரும்பி அந்தத் தோளைப் பார்த்தது. மெற்றில்டா வலது கையால் பொத்தப் பார்த்தாள், அது ஒரு கையால் பொத்தி மறைக்கிற அளவில் இல்லை. மதாம் கிழித்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போய், தலையைச் சரித்துப் பார்த்தார்.

"வுவாலா" என்றார், பிரெஞ்சில் 'இதோ' என்று. அவருடைய கண் கலங்கியிருந்தது. முதல்தடவையாக அவர் அழுவதைப் பார்த்தேன். சந்தோசத்தில் அழுதார்.

அந்த நேரத்தில் எனக்கு வந்த வெறுப்பை நான் வேறு ஒருவர்மீதும் உணர்ந்ததில்லை. ஊரில் எங்களைச் சோதித்த ஆமிக்காரர்மீதுகூட.

பொபினி அக்காதான் முதலில் அசைந்தா. மெற்றில்டாவின் தலையில் இருந்த நெற்றை முன்னால் இழுத்து, இடது தோளைச் சுற்றிப் போர்த்தா. தன் சீலையில் குத்தியிருந்த தங்க புரோச்சைக் கழற்றி அதில் குத்தினா. சீலைத் தலைப்பு சரிய, அதை இடுப்பில் செருகிக்கொண்டா.

"எங்கை பட்டது பிள்ளை? ஷெல்லோ?"

"ஓம் மச்சாள்."

"நோகுதே இப்ப?"

"இல்லை மச்சாள்."

"அப்ப ஏன் அழுறாய்? வா."

மதாம் நெற்றைக் காட்டி, "அது கோட்ட கெடுக்குது" என்றார்.

பொபினி அக்கா திரும்பினா. சத்தம் போடுவா என்று நினைத்தேன். போடவில்லை. "அம்மா, உங்களுக்கு வயசு போட்டுது, அதாலை பேசாமல் நிக்கிறன். வெளியிலை போங்கோ. பூசை முடிஞ்சாப் பிறகும் வராதேங்கோ."

மதாம் போனார். கிழித்த கையையும் கொண்டு போனார். அடுத்த திங்கள் நான் வேலைக்குப் போகவில்லை, மெற்றில்டாவும் போகவில்லை. போக வேண்டாம் என்று நாங்கள் சொல்லாமலே மன்னார் அக்காவும் போகவில்லை.

கடைசியாக அவரைக் கண்டது எண்பத்தொன்பதாம் ஆண்டுக் கோடையில். லாச்சப்பலில் ஒரு மரக்கறிக் கடை. நானும் மெற்றில்டாவும் முருங்கைக்காய் வாங்கிக்கொண்டிருந்தோம். அவளுடைய மகள் தள்ளுவண்டியில் நித்திரை. நல்ல வெயில், மெற்றில்டா கையில்லாத ஒரு பருத்திச் சட்டை போட்டிருந்தாள். அதற்குச் சில மாதம் முன்பே அப்படிப் போடத் தொடங்கியிருந்தாள், ஏன் என்று நான் கேட்கவில்லை. மதாம் பொல்லு ஊன்றிக்கொண்டு உள்ளே வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். எங்களை அடையாளம் கண்டாரோ தெரியாது, தோளை அடையாளம் கண்டார். நேரே வந்து, சரிந்திருந்த சட்டைப் பட்டியைத் தூக்கிவிடக் கையை நீட்டினார்.

"இப்ப மட்டும் காட்டுறியே."

மெற்றில்டா அந்தக் கையைப் பிடித்து, நோகாமல், அவருடைய பக்கத்துக்கே கொண்டுபோய் விட்டாள்.

"அண்டைக்கு நீங்கள் காட்டினனீங்கள் மதாம். இண்டைக்கு நான் காட்டுறன். தொடாதேங்கோ."

மதாம் வெங்காயப் பெட்டிப் பக்கம் திரும்பி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கத் தொடங்கினார்.

நாங்கள் வெளியே வந்தோம். மெற்றில்டா தள்ளுவண்டியின் குடையைச் சரிசெய்துகொண்டு, "பாவம் அக்கா. நடக்கவும் ஏலாமல் போச்சு" என்றாள்.

"நீ சொல்லு," என்றேன். "உனக்குச் சொல்ல உரிமை இருக்கு. என்ரை வாயிலை அது வராது."

அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிக்னல் விளக்கு மாறியது. பிள்ளையைத் தள்ளிக்கொண்டு றோட்டைக் கடந்தோம்.